வரையும் கையும் கேட்கும் செவியும்



"பிள்ளைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுங்கள் சாமி" என்று யாரேனும் ஒருவர் பங்குமனைத் திண்ணையில் வந்து அமராத மாதம் நம் குருத்துவ வாழ்வில் ஒன்றேனும் இருந்ததாக நினைவில்லை. முன்பெல்லாம் ஆசிரியர் வேலைக்கும் தாதியர் வேலைக்கும் கேட்டார்கள். இப்போது பொறியியல் படித்த பிள்ளைகளுக்கும், கட்டடக்கலை படித்த பிள்ளைகளுக்கும் கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை. நிலத்தை ஒத்திக்கு விட்டும் தாயின் நகையை அடகு வைத்தும் படிக்க வைத்த பிள்ளை, ஊர் ஊராய் அலைந்து வெறுங்கையோடு திரும்பும்போது பெற்றோர் வேறு யாரிடம் போவர்? நாமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அக்கடிதங்களால் வேலை பெற்றவர் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், தலை குனிவதைத் தவிர நமக்கு வழியில்லை.

இம்மாதம் அத்தகைய பிள்ளை ஒருவனைப் பற்றி எழுதுகிறோம். அவனுடைய இசைவைப் பெற்றே எழுதுகிறோம்; பெயர் மட்டும் வேண்டாம்.

திருவிடைமருதூர் வட்டாரத்தில் உள்ள நமது பங்கில் மறைக்கல்வி வகுப்புகளுக்கென ஒரு கூடம் கட்ட வேண்டும் என்பது பல ஆண்டுக் கனவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிள்ளைகள் கோயில் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு பாடம் கேட்பது வழக்கம். சம்பா அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்றதைக் கொடுத்தது. வயலில் கூலிக்குச் சென்றவர்களும், திருபுவனத்துத் தறியில் பட்டு நெய்பவர்களும் கொடுத்த பணம் அது. ஆகவே அதில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்ற அச்சம் நமக்கு இருந்தது. கட்டடக்கலைஞர் இருவரை அழைத்துப் பேசிப் பார்த்து ஒருவரை அமர்த்துவோம் எனப் பங்குப்பேரவை முடிவு செய்தது.

முதலில் வந்தவன் நம் பங்கின் பிள்ளை. அவன் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள். ஐந்தாண்டுப் படிப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்தவன். கணினியில் தான் வரைந்திருந்த படங்களைச் சுவரில் ஒளியாய்க் காட்டினான். வளைந்த கூரை, முகப்பு முழுதும் கண்ணாடி, மாலை வெளிச்சத்தில் மின்னும் சிலுவை. பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். அரை மணி நேரம் தடையின்றிப் பேசினான்.

முப்பது ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் கற்பிக்கும் வயதான ஆசிரியை ஒருவர் மெல்ல எழுந்தார். "தம்பி, மழை நாளில் பிள்ளைகள் சேற்றுக் காலோடு வருமே, செருப்பை எங்கே விடும்?" என்று கேட்டார். "அது சின்ன விஷயம் டீச்சர், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றான். அடுத்து, பேரவையில் உள்ள மேஸ்திரி ஒருவர், "நம்ம ஊர் களிமண் ஆச்சே, மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரத்துக்கு என்ன நினைச்சிருக்கே?" என்றார். "அதை இஞ்சினியர் கவனித்துக்கொள்வார்" என்று கூறிவிட்டு அடுத்த படத்திற்குச் சென்றான். மேஸ்திரி அமர்ந்துவிட்டார். அதன் பின் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி இல்லாததை அவன் வெற்றியென்று எண்ணினான். அது கதவு சாத்தப்பட்ட ஓசை என்பது அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக வந்தவர் மயிலாடுதுறைப் பக்கத்து இளம் பெண். அவர் பேரவையின் முன் வருவதற்கு முந்திய ஞாயிறன்றே, யாருக்கும் சொல்லாமல் வந்து தாழ்வாரத்தின் ஓரத்தில் அமர்ந்து வகுப்பு நடப்பதைப் பார்த்திருக்கிறார். பேரவைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டுமே கொண்டு வந்தார். காலை ஒன்பது மணி வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மழை நீர் எங்கே தேங்குகிறது, எத்தனை முதியவர்கள் படியேற இயலாதவர்கள், கூடத்தை மற்ற நாட்களில் வேறு எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கையிருப்பு எவ்வளவு என்றும் கேட்டார். தொகையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்து, "நீங்கள் விரும்பும் மாடி இந்தப் பணத்தில் நிற்காது, ஃபாதர். கீழ்த்தளத்தை உறுதியாகக் கட்டுவோம். பின்னால் மாடி எழுப்பும்படி அஸ்திவாரத்தை இப்போதே போட்டு வைப்போம்" என்றார். மாடி வேண்டுமென்று பிடிவாதமாய் இருந்தவர்களில் நாமே முதல்வர். எனினும் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பேரவைக்கு ஒரு நிம்மதி பிறந்ததைக் கண்டோம். வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் அப்பையனின் தந்தை திருப்பலி முடிந்ததும் நம்மைப் பார்க்காமலே வெளியேறினார். "சொந்தப் பங்குப் பிள்ளையை விட்டுவிட்டு அயலூராருக்குக் கொடுத்தார் சாமியார்" என்ற பேச்சும் காதில் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு அவனே வந்தான். "ஸ்தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டு வெகு நேரம் நின்றான். பிறகு, "என் படத்தில் என்ன குறை?" என்று கேட்டான்.

"படத்தில் குறையில்லை தம்பி. டீச்சருக்கு நீ பதில் சொல்லவில்லை" என்றோம்.

அவன் சொன்ன மறுமொழி நம்மைச் சிந்திக்க வைத்தது. "கல்லூரியில் ஐந்து வருடமும் படத்தை மாட்டிவிட்டு நடுவர்கள் முன்னால் நின்று வாதாடித்தான் சாமி பழகினோம். யாராவது கேள்வி கேட்டாலே என்னைக் குறை சொல்வதாகத்தான் தோன்றுகிறது. சென்னையில் இரண்டு இண்டர்வியூவில் இப்படித்தான் போயிற்று" என்றான்.

இதைக் கேட்டபோது நமக்கு நம்முடைய பழைய குற்றம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதையும் அவனிடம் மறைக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நாம் ஒரு மண்டபம் கட்டினோம். படம் போட்ட இளைஞர் கூச்ச சுபாவம் உள்ளவர். உயரத்தைப் பற்றியும் சுவர்களைப் பற்றியும் இருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எல்லாம் நமக்குத் தெரியும், நீர் வரையும்" என்று அடக்கிவிட்டோம். மண்டபம் பார்வைக்குக் கம்பீரமாய் எழுந்தது. ஆனால் உள்ளே பேசினால் சொல் சொல்லோடு மோதி எதிரொலித்தது; ஆண்டவரின் வார்த்தையை அறிவிக்கக் கட்டிய இடத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கேளாத குற்றம் நம்முடையது. துணிந்து சொல்லாத குறை அவருடையது. இரண்டிற்கும் விலை கொடுத்தவர்கள் பங்குமக்கள்.

அன்பர்களே, வேலைக்கு ஆள் எடுப்போர் இன்று 'மென்திறன்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். கனிவாகச் சிரிப்பதும் நுனிநாக்கில் ஆங்கிலம் பேசுவதும்தான் அது என நம் பிள்ளைகள் எண்ணி மருள்கிறார்கள். நாம் கண்டவரை அதன் வேர் ஒன்றே: பிறர் சொல்வதை முழுதும் கேட்பது, கேட்டபின் உண்மையைப் பணிவோடு சொல்வது. மற்றவையெல்லாம் அதன் கிளைகள்.

வேறு தொழில்களைவிடக் கட்டடக்கலைஞர்க்கு இது ஏன் இன்றியமையாதது? ஓவியன் தன் மனம் போல் வரையலாம். பிடிக்காதவர் வாங்காமல் போவார். கட்டடக்கலைஞர் வரைவதோ பிறர் பணத்தில், பிறர் கையால் கட்டப்பட்டு, பிறர் குடியிருக்கப்போகும் இடம். திருபுவனத்து நெசவாளி ஒருவர் வீடு கட்ட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தறிக் குழி எங்கே வரும், தறியின் மேல் ஏறும் ஜக்கார்டுப் பெட்டிக்கு எவ்வளவு உயரம் வேண்டும், இழை அறுந்தால் கண்டுபிடிக்க எந்தச் சன்னல் வெளிச்சம் தரும் என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர் நாவில் இருக்கிறது. கேளாதவன் அழகிய வீடு கட்டித் தருவான். அதில் தறி நுழையாது.

இந்தியாவில் இத்திறனால் பெயர் பெற்றவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர்; குவேக்கர் சபையைச் சார்ந்த கிறிஸ்தவர். 1943-இல் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த வேளையில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாய் இருப்பதே நலம் என்ற அவரது கருத்து பேக்கர் மனத்தில் பதிந்தது. 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். இமயமலைச் சரிவில் பித்தோரகட் பகுதியில் தம் மனைவி மருத்துவர் எலிசபெத்துடன் பல ஆண்டுகள் வாழ்ந்தபோது, இங்கிலாந்தில் தாம் கற்றது அங்கே உதவாது என்று கண்டார். வெட்கப்படவில்லை. மண்ணையும் கல்லையும் மரத்தையும் கொண்டு மலைமக்கள் எவ்வாறு கட்டுகிறார்கள் என்று அவர்களிடமே மாணவராய் நின்று கற்றார்.

பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறியபோது, அங்கிருந்த சீரோ மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஆண்டகை அவரிடம் பணிகளை ஒப்படைத்தார். லொயோலா பள்ளிச் சிற்றாலயமும், உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையமும் அவர் கைவண்ணங்கள். ஏழைகளுக்கென அவர் கட்டிய குறைந்த செலவு வீடுகள் ஏராளம். மனையைப் பார்க்காமலும் குடும்பத்தாரோடு பேசாமலும் வீட்டை வரைய அவர் இசைவதில்லை. பழைய கடித உறையின் பின்புறத்திலே கோட்டுப்படம் போடுவார். கொத்தனாரோடு நின்று, சுவர் எழும்போதே மாற்றங்கள் செய்வார். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2007-இல் இறைவனடி சேர்ந்த அவரைத் தேடிச் செல்வரும் வந்தனர், வறியவரும் வந்தனர். தம் பேச்சைக் கேட்கும் ஒருவர் கிடைத்தார் என்பதே அவர்கள் வரக் காரணம் என நாம் கருதுகிறோம்.

கேட்கும் செவி உடையவனுக்குக் கேட்கும் வாயும் வேண்டும். 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரான பாலகிருஷ்ண தோஷியின் இளமைக் கதை இதற்குச் சான்று. 1951-இல் இங்கிலாந்தில் நடந்த கட்டடக்கலைஞர் மாநாடு ஒன்றில் அவர் ஒரே இந்தியராய் இருந்தார். சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயின் குழுவினரிடம் தாமே சென்று, உங்களோடு பணியாற்றலாமா எனக் கேட்டார். கையால் எழுதி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இடம் கிடைத்தது, ஆனால் முதல் எட்டு மாதம் ஊதியமில்லை. பிரெஞ்சு மொழி தெரியாத அவர் பாரிஸ் நகரில் கோடுகளைப் பார்த்தும் கைகளைப் பார்த்தும் கற்றார். ஊதியமின்றி உழைப்பதே மேன்மை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உழைப்பவர்க்கு நீதியான கூலி உரியது என்பதைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தியிருக்கிறார். தயக்கத்தை விட்டு முன்சென்று பணிவோடு கேட்ட அந்தத் துணிவையே நம் பிள்ளைகள் கற்க வேண்டும்.

இவையனைத்தும் ஒருங்கே அமைந்த ஒருவரைத் திருவிவிலியத்திலும் காண்கிறோம். எருசலேமின் மதில்களை மீண்டும் எழுப்பிய நெகேமியா அவர். முகம் வாடியிருப்பதேன் என்று அர்த்தக்சஸ்தா மன்னன் வினவியபோது, அவர் அவசரப்படவில்லை. உள்ளத்தில் இறைவனை வேண்டிக்கொண்டு பேசினார். எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்குக் காலக்கெடு சொன்னார். வழியில் காட்ட மடல்களும், வாயில்களுக்கு மரமும் வேண்டுமெனத் தெளிவாகக் கேட்டார். எருசலேம் சேர்ந்த பின், மூன்று நாள் கழித்து, யாரிடமும் தம் எண்ணத்தைச் சொல்லாமல் இரவிலே சென்று இடிந்த மதில்களைச் சுற்றிப் பார்த்தார். முதலில் பார்த்தல், பிறகே பேசுதல். மதில் எழுந்தபோது பலர் தத்தம் வீட்டிற்கு எதிரே இருந்த பகுதியைத் தாமே பழுதுபார்த்தனர். மக்களின் வேலையை மக்களுடையதாகவே ஆக்கத் தெரிந்தவர் அவர். மயிலாடுதுறைப் பெண் நெகேமியா ஆகமத்தைப் படித்திருப்பாரோ அறியோம். ஆனால் அவ்வழியிலேயே நடந்தார்.

பணிவு என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் நமக்கு அருகிலுள்ள கும்பகோணத்தில் பள்ளியொன்றில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் தொடங்கிய நெருப்பு கூரைக் கீற்றில் பரவியது. குறுகிய வழியில் பிள்ளைகள் வெளியேற இயலவில்லை. அந்த நாளை நம் வட்டாரத்துத் தாய்மார் எவரும் மறக்கவில்லை. படி குறுகலாய் இருந்தால் போதும், இன்னொரு வாசல் எதற்கு என்று பணம் கொடுப்பவர் சொல்லும்போது, "ஐயா, இது கூடாது" என்று முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல், விட்டுக்கொடுக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்பவரையே நம்பிப் பிள்ளைகளை உள்ளே அனுப்பலாம்.

வேலை தேடும் இளைஞர்களுக்குச் சிலவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். அன்றிரவு அப்பையனிடம் கூறியவையே இவை.

முதலாவது, நேர்முகத் தேர்வுக்குச் செல்லுமுன் அந்த அலுவலகத்தார் கட்டிய கட்டடம் ஒன்றையேனும் நேரில் சென்று பார். அங்கே இருப்பவரிடம் அதன் நிறைகுறைகளைக் கேள். அதைப் பற்றி நீ கேட்கும் ஒரு நல்ல கேள்வி பத்துப் படங்களைவிட வலிமையுள்ளது.

இரண்டாவது, உன் படத் தொகுப்பில் நண்பர்களோடு சேர்ந்து செய்ததைச் சேர்ந்து செய்ததாகவே சொல். உன் பங்கு எது என்று அளந்து கூறு. பிறர் உழைப்பைத் தனதென்பவனை நாளை குழுவில் யாரும் சேர்க்கமாட்டார்.

மூன்றாவது, கேள்வி வந்தால் மறுமொழிக்கு ஓடாதே. கேள்வியை உன் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேள். தெரியாததைத் தெரியாதென்று சொல். எப்படி அறிந்துகொள்வாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

நான்காவது, கொத்தனாரையும் தச்சரையும் சித்தாளையும் மரியாதையோடு அழை. களிமண்ணைப் பற்றி அந்த மேஸ்திரி அறிந்ததைக் கணினி அறியாது. ஆண்டவரின் வளர்ப்புத் தந்தையும் கையில் உளி பிடித்த தொழிலாளியே.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இத்திறன் கல்லூரியின் கடைசி ஆண்டில் ஊசி போட்டு ஏற்றுவதன்று, வீட்டில் ஊறுவது. நம்மைப் பார்க்க வரும்போது, "உன் பெயர் என்ன?" என்று பிள்ளையைக் கேட்டால் தாயே பதில் சொல்கிறார், "என்ன படிக்கிறாய்?" என்றால் தந்தை சொல்கிறார். இருபத்திரண்டு வயதில் அவன் தனியாய்ப் பேச வேண்டுமெனில், பத்து வயதில் அவனைப் பேசவிடுங்கள். கடைக்கு அனுப்புங்கள், கணக்கைக் கேளுங்கள். நோயுற்ற அயலாரைப் பார்த்து வரச் சொல்லி, அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். இரவில் குடும்பச் செபம் முடிந்தபின் கைப்பேசியை ஒதுக்கி வைத்து, கால் மணி நேரம் ஒருவர் பேச மற்றவர் இடைமறிக்காமல் கேளுங்கள். நாம் எழுதும் எந்தக் கடிதத்தைவிடவும் அது பெரிய சிபாரிசு.

அப்பையன் இப்போது திருச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். சம்பளம் பெரிதில்லை. முதல் மாதங்களில் வேலை நடக்கும் இடத்திற்கு அனுப்பி ஓடுகளை எண்ண வைத்தார்களாம், சொல்லிச் சிரித்தான். பங்குத் திருவிழாவுக்கு வந்தவன், முடிந்திருந்த கூடத்தைத் தனியே சுற்றிப் பார்த்தான். வாசலில் பிள்ளைகள் செருப்பு விடுவதற்கென ஒரு சாய்வான திண்டும், கால் கழுவ ஒரு குழாயும் இருந்தன. அங்கே சற்று நேரம் நின்றான். பிறகு அந்த ஆசிரியையைத் தேடிச் சென்று, "டீச்சர், உள்ளே இன்னும் என்ன குறை இருக்கிறது?" என்று கேட்டான். அவர் ஒரு மணி நேரம் சொன்னார். அவன் எழுதிக்கொண்டான்.

அவன் தந்தை மட்டும் இன்னும் பின்வரிசைத் தூணருகில் நின்று, இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுகிறார். அவருக்கு நேர்ந்த வருத்தத்தை அவர் வாயால் நாம் இதுவரை கேட்கவில்லை. மற்றவர்க்கு இத்தனை பக்கம் எழுதிய நாம், அவருடைய வாசற்படியில் ஏறி, பேசாமல் அமர்ந்து கேட்க வேண்டிய கடன் பாக்கியிருக்கிறது. இந்த ஞாயிறு மாலை செல்கிறோம். எங்கள் இருவருக்காகவும் செபியுங்கள்.